ஒரு சோறு பதமாவது எப்போது?

மாதிரி ஆய்வின் அடிப்படைக் கருத்துகள்: கள அலுவலர்க்கும் ஆசிரியர்க்கும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீடுகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. சோறு வெந்துவிட்டதா என்று அறிய விரும்பும் தாய் பானையிலுள்ள பருக்கைகள் அனைத்தையும் நசுக்கிப் பார்ப்பதில்லை. அகப்பையால் ஒருமுறை கிளறி, ஓரிரு பருக்கைகளை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்கிறாள். அதைக்கொண்டு முழுப் பானையைப் பற்றியும் முடிவு செய்கிறாள். அம்முடிவு பெரும்பாலும் பிழைபடுவதில்லை. புள்ளியியலில் மாதிரி ஆய்வு எனப்படும் முறையின் சாரம் இச்சிறு செயலில் அடங்கியிருக்கிறது.

ஆனால் இப்பழமொழி எப்போது உண்மையாகிறது என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பானையிலுள்ள அரிசி ஒரே வகை, நீரும் ஒன்று, நெருப்பும் ஒன்று. மேலும், தாய் கிளறிய பின்னரே பருக்கையை எடுக்கிறாள். ஒரு மாவட்டத்தின் நெல் வயல்களோ ஒரே பானையில் வெந்த சோறு அல்ல. ஒரு வயல் கால்வாயின் தலைப்பில் இருக்கிறது. மற்றொன்று கடைமடையில் வாடுகிறது. ஒன்றில் உரம் காலத்தில் இடப்பட்டிருக்கும். மற்றொன்றில் பூச்சி விழுந்திருக்கும். இவ்வயல்களையெல்லாம் கலந்து கிளறிவிட எந்த அகப்பையும் கிடையாது. அந்த அகப்பையின் வேலையைச் செய்வதற்கென்றே புள்ளியியலார் ஒரு முறையை வகுத்திருக்கின்றனர். அதுவே சமவாய்ப்புத் தேர்வு. அது யாது, அதனைச் சிறிது தளர்த்தினாலும் என்ன கெடும் என்பவற்றைக் களத்தில் நிற்பவருக்கும் வகுப்பில் கற்பிப்பவருக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முழுமையும் மாதிரியும்

நாம் எதைப் பற்றி அறிய விரும்புகிறோமோ அதன் மொத்தம் முழுமைத் தொகுதி எனப்படும். ஒரு மாவட்டத்தில் இப்பருவத்தில் நெல் பயிரிடப்பட்ட வயல்கள் யாவும் சேர்ந்து ஒரு முழுமைத் தொகுதி. ஒரு வட்டத்திலுள்ள குடும்பங்கள் யாவும் மற்றொரு முழுமைத் தொகுதி. அதிலிருந்து ஆய்வுக்கென எடுத்துக்கொள்ளும் சிறு பகுதி மாதிரி. மாதிரியில் நேரே அளந்து பெறும் சராசரியைக் கொண்டு, அளக்காத முழுமையின் சராசரியை மதிப்பிடுகிறோம்.

முழுமையையே அளந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அத்தகையதே. ஆனால் எல்லா வினாக்களுக்கும் அவ்வழி ஏற்றதன்று. ஒரு மாவட்டத்தின் வயல்கள் யாவற்றையும் அறுத்து எடை போடுவதற்கு ஆளும் பொருளும் போதா, காலமும் போதாது. விளைச்சல் இவ்வளவு என்ற செய்தி அறுவடை முடிந்து ஓராண்டுக்குப் பின் வந்தால் அதனால் பயன் என்ன? மேலும், பெருங்கூட்டமான ஊழியரைக் கொண்டு அவசரமாக எடுக்கும் முழுக் கணக்கைவிட, நன்கு பயிற்சி பெற்ற சிலரைக் கொண்டு கவனமாக எடுக்கும் மாதிரிக் கணக்கு உண்மைக்கு அண்மையில் இருப்பதும் உண்டு.

கண்மதிப்பும் அதன் குறையும்

நம் நாட்டில் பயிர் விளைச்சலை மதிப்பிடும் வழக்கம் பழமையானது. நெடுங்காலம் வழங்கியது அணாவாரி முறை. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற பழைய கணக்கை ஒட்டி, நல்ல விளைச்சலுக்குப் பதினாறணா என்றும், அதற்குக் குறைந்ததற்குப் பன்னிரண்டணா, எட்டணா என்றும் ஊர்க் கணக்கர் கண்ணால் பார்த்துக் குறிப்பார். அந்த அணாக்களைக் கொண்டு வழக்கமான விளைச்சலைப் பெருக்கி, மாகாணத்தின் விளைச்சல் கணக்கிடப்படும். ஒருவர் பதினாறணாவை வழக்கமான விளைச்சல் என்று கொண்டார். மற்றொரு பகுதியில் பன்னிரண்டணாவே வழக்கமான விளைச்சலாகக் கொள்ளப்பட்டது. அளவுகோலே இடத்துக்கு இடம் வேறுபட்டால் அளவு எவ்வாறு ஒன்றாகும்? தவிர, விளைச்சலைக் கூட்டிச் சொன்னால் வரிச்சலுகை கிடைக்காது என்ற அச்சமும் கணக்கரின் கண்ணை வழிநடத்தக்கூடும் அன்றோ?

வங்காளத்தின் நிலை இதனினும் கடினமாயிருந்தது. 1793-ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டத்தால் அங்கு நிலவரி என்றென்றைக்குமாக வரையறுக்கப்பட்டுவிட்டது. ஆகையால் ஆண்டுதோறும் எந்தப் புலத்தில் எந்தப் பயிர் என்று பதிவு செய்யும் பட்வாரிகள் அங்கு இல்லை. சாகுபடிப் பரப்பைப் பற்றிய செய்தி ஊர்க் காவலரான சௌகிதார்களிடமிருந்து காவல் நிலையம் வழியாக மேலே சென்றது. 1943-இல் வங்காளத்தைப் பஞ்சம் வாட்டியது. பல லட்சம் மக்கள் மாண்டனர். அப்பஞ்சத்தின் காரணங்கள் பல. அவற்றைப் பற்றிய ஆராய்ச்சி இன்றும் முடியவில்லை. ஆயினும், எவ்வளவு நெல் விளைந்தது, எவ்வளவு இருப்பில் உள்ளது என்பதற்கு நம்பத்தகுந்த எண் ஒன்றும் அன்று ஆட்சியாளர் கையில் இல்லை என்பது தெளிவு. எண்ணிக்கை என்பது ஏட்டில் உறங்கும் பொருள் அன்று. அதன்மேல் மக்களின் சோறு நிற்கிறது.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் சிலர். 1920-களில் பீகார், ஒரிசாப் பகுதியில் பணியாற்றிய ஹப்பேக் என்னும் ஆட்சிப் பணி அலுவலர், கண்மதிப்பைக் கைவிட்டு, சமவாய்ப்பாகத் தேர்ந்த இடங்களில் ஒரு சிறு முக்கோணச் சட்டத்தை வைத்து, அதனுள் நின்ற நெல்லை மட்டும் அறுத்து எடை பார்த்தார். அவரது முடிவுகள் 1927-இல் வெளிவந்தன. பின்னர், 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ், 1937 முதல் வங்காளத்தின் சணல் பரப்பை மதிப்பிடும் பணியில் ஈடுபட்டார். முதலில் சிறு அளவில் முன்னோடி ஆய்வு நடத்தி, செலவு எவ்வளவு, பிழை எவ்வளவு என்று கண்டறிந்து, ஆண்டுதோறும் பரப்பை விரித்து, 1941-இல் மாகாணம் முழுவதற்கும் அதனைக் கொண்டுசென்றார். பெரிய ஆய்வுக்கு முன் சிறிய ஆய்வு என்னும் அவ்வழக்கம் இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வும் அவரது முயற்சியின் பயனே. அதன் முதற்சுற்று 1950 அக்டோபரில் தொடங்கி 1951 மார்ச்சில் முடிந்தது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிற்றூர்களைக் கொண்ட நாட்டைப் பற்றி, சுமார் 1,800 சிற்றூர்களைக் கொண்டு அறிய முயன்ற துணிவு அக்காலத்தில் பலரை வியப்பில் ஆழ்த்தியது.

ஐந்து வயல்களின் கணக்கு

இத்துணிவுக்கு அடிப்படை யாது? ஒரு சிறு கணக்கால் அதனைக் காணலாம். ஓர் ஊரில் ஐந்தே வயல்கள் உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொன்றிலும் 25 சதுர மீட்டர் அறுத்தால் கிடைக்கும் நெல் முறையே 6, 8, 10, 12, 14 கிலோ. இவற்றின் சராசரி 10 கிலோ. இந்த உண்மைச் சராசரி நமக்குத் தெரியாது. இரண்டு வயல்களை மட்டுமே அறுக்க வசதியுண்டு என்று வைத்துக்கொள்வோம்.

ஐந்திலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுக்கப் பத்து வழிகள் உள்ளன. அப்பத்து மாதிரிகளின் சராசரிகள் 7, 8, 9, 9, 10, 10, 11, 11, 12, 13 என அமையும். இவற்றுள் எது நமக்கு வாய்க்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஏழும் வரலாம், பதின்மூன்றும் வரலாம். ஆனால் இரண்டு செய்திகளை உறுதியாகக் கூறலாம். முதலாவது, பத்துச் சராசரிகளையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் சரியாக 10 வருகிறது. அஃதாவது, இம்முறை கூடுதலாகவும் சாய்வதில்லை, குறைவாகவும் சாய்வதில்லை. இரண்டாவது, பத்தில் ஆறு மாதிரிகள் உண்மையிலிருந்து ஒரு கிலோவுக்கு மேல் விலகவில்லை.

இரண்டுக்குப் பதில் மூன்று வயல்களை அறுத்தால், மாதிரிச் சராசரிகள் 8-க்கும் 12-க்கும் இடையில் அடங்கிவிடும். முன்பு 7 முதல் 13 வரை பரவியிருந்தது இப்போது சுருங்கிவிட்டது. மாதிரி பெரிதாகப் பெரிதாக மதிப்பீட்டின் அலைவு குறைகிறது. இந்த அலைவை அளக்கும் அளவே திட்டப் பிழை எனப்படுகிறது. இங்குப் பிழை என்ற சொல் எவரது தவற்றையும் குறிப்பதன்று. முழுமையைப் பாராமல் ஒரு பகுதியைப் பார்ப்பதால் நேரும் ஐயப்பாட்டின் அளவையே குறிக்கிறது.

இனி, கதையைச் சற்று மாற்றுவோம். 6 கிலோவும் 8 கிலோவும் விளையும் வயல்கள் இரண்டும் ஓடைக்கு அப்பால் உள்ளன. வழி சேறாயிருக்கிறது. கள அலுவலர், "எல்லாம் ஒரே நெல்தானே" என்று எண்ணி, சாலையோரத்து மூன்று வயல்களுக்குள்ளேயே தேர்வை முடித்துக்கொள்கிறார். இப்போது இரண்டு வயல் மாதிரிகளின் சராசரி 11, 12, 13 என்றே வரும். மூன்றையும் அறுத்தாலும் 12 தான். உண்மையோ 10. மாதிரியைப் பெரிதாக்கியும் பயனில்லை. இருபது சதவீத மிகைமதிப்பு அப்படியே நிற்கிறது. இதுவே ஒருபக்கச் சாய்வு. திட்டப் பிழை மாதிரியின் அளவு கூடக் குறையும், சாய்வு குறையாது. திட்டப் பிழையைக் கணக்கிட்டுச் சொல்லலாம். சாய்வோ கணக்கில் முகம் காட்டாது. மூன்று வயல்களும் ஏறக்குறைய ஒத்த விளைச்சலைத் தருவதால், அம்மதிப்பீடு மிக நம்பகமானது போலவும் தோன்றும். சாய்வின் பெருங்கேடு இதுவே.

பெரிய மாதிரி எல்லாம் நல்ல மாதிரி அன்று

இதற்கு வரலாற்றில் ஒரு பெரிய சான்று உண்டு. 1936-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது, லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலில் வாக்குச் சீட்டு அனுப்பிக் கருத்துக் கேட்டது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் விடை எழுதினர். அவற்றைக் கொண்டு லாண்டன் வெல்வார் என்று இதழ் கணித்தது. தேர்தலில் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களுள் 46-இல் வென்றார். இதழ் பயன்படுத்திய முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் மோட்டார் வாகனப் பதிவுகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. பொருளாதார நெருக்கடியால் நாடு வாடிய அக்காலத்தில் அப்பட்டியல்களில் ஏழைகளின் பெயர்கள் அரிதாகவே இருந்தன. மேலும், விடை எழுத முன்வந்தவரின் கருத்து வேறு, வாளாவிருந்தவரின் கருத்து வேறு. இருபது லட்சம் என்ற எண்ணிக்கை இவ்விரு குறைகளுள் ஒன்றையும் தீர்க்கவில்லை.

அவ்வாறாயின் எவ்வளவு பெரிய மாதிரி போதும்? ஒரு மாவட்டத்தில் எத்தனை சதவீதக் குடும்பங்களுக்குச் சொந்த நிலம் உண்டு என்று அறிய, சமவாய்ப்பாக 400 குடும்பங்களைத் தேர்ந்தெடுத்ததாகக் கொள்வோம். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நிலம் இருக்குமாயின், இம்மதிப்பீட்டின் திட்டப் பிழை 2.5 சதவீதப் புள்ளிகள். இதனைப் பாதியாக, அதாவது 1.25 ஆகக் குறைக்க வேண்டின் 800 குடும்பங்கள் போதா, 1,600 வேண்டும். பிழை பாதியாக மாதிரி நான்கு மடங்காக வேண்டும் என்பது விதி. ஆகையால் ஓரளவுக்கு மேல் மாதிரியைப் பெருக்குவது செலவுக்கு ஏற்ற பயனைத் தராது. அப்பொருளைக் கள அலுவலரின் பயிற்சிக்கும் மேற்பார்வைக்கும் செலவிடுவதே அறிவுடைமை.

மற்றொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. முழுமைத் தொகுதி மிகப் பெரிதாயிருக்கும்போது, அதன் அளவு பிழையைப் பெரிதும் பாதிப்பதில்லை. பத்து லட்சம் குடும்பங்கள் உள்ள மாவட்டத்துக்கும் ஒரு கோடிக் குடும்பங்கள் உள்ள மாநிலத்துக்கும், 400 பேர் கொண்ட சமவாய்ப்பு மாதிரி ஏறக்குறைய ஒரே துல்லியத்தையே தரும். நன்கு கிளறிய பானை சிறிதாயினும் அண்டாவாயினும் பதம் பார்க்க வேண்டிய பருக்கைகள் சிலவே.

செலவைக் கூட்டாமல் துல்லியத்தைக் கூட்ட ஒரு வழி உண்டு. வேறுபட்ட வயல்களை ஒன்றாகக் கலவாமல், பாசன நிலம் ஒரு பிரிவு, மானாவாரி நிலம் ஒரு பிரிவு என்று முதலிலேயே வகுத்து, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் தனித்தனியே சமவாய்ப்பாகத் தேர்ந்தெடுப்பது அது. இதனைப் படுகை முறை மாதிரி என்பர். நம் நாட்டுப் பயிர் அறுவடைச் சோதனைகள் இவ்வடிப்படையிலேயே அமைந்தவை. வட்டம் அல்லது வட்டாரம் ஒரு படுகை. அதனுள் சில ஊர்கள். ஊருக்குள் சில புல எண்கள். புலத்துக்குள் ஒரு வயல். வயலுக்குள் ஒரு துண்டு. ஒவ்வொரு படியிலும் தேர்வைச் செய்வது சமவாய்ப்பு எண் அட்டவணையே. அலுவலரின் விருப்பம் அன்று. இத்தகைய அட்டவணை ஒன்றை 41,600 இலக்கங்களுடன் 1927-இல் முதன்முதலாக வெளியிட்டவர் டிப்பெட் என்னும் ஆங்கிலப் புள்ளியியலறிஞர்.

வயலில் நிற்கும்போது

தேர்ந்த வயலுக்குள் துண்டை எங்கே குறிப்பது என்பதும் சமவாய்ப்பின் வேலையே. ஒரு வயலின் நீளம் 40 மீட்டர், அகலம் 25 மீட்டர் என்க. குறிக்க வேண்டியது 5 மீட்டர் சதுரம். துண்டு வயலுக்கு வெளியே போகாதிருக்க, இரண்டிலும் ஐந்தைக் கழித்தால் 35-உம் 20-உம் மிஞ்சும். முதலில் 35-க்கு மேற்படாத ஓர் எண்ணையும் அடுத்து 20-க்கு மேற்படாத ஓர் எண்ணையும் அட்டவணையிலிருந்து எடுக்க வேண்டும். அவை 27, 8 என்று வந்தால், வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து நீளவாட்டில் 27 மீட்டர் சென்று, அங்கிருந்து செங்குத்தாக உள்ளே 8 மீட்டர் நடந்து முதல் முளையை அடிக்க வேண்டும். சதுரம் கோணாமல் அமைந்ததா என்பதற்கு மூலைவிட்டம் அளந்து பார்த்தல் நன்று, அது 7.07 மீட்டர் இருத்தல் வேண்டும்.

அவ்விடத்தில் பயிர் சாய்ந்து கிடக்கலாம், களை மண்டியிருக்கலாம், ஒரு மூலை வெறுந்தரையாகவே இருக்கலாம். "இது சரியான இடமன்று, சற்று அப்பால் வைப்போம்" என்று மனம் சொல்லும். அம்மனத்துக்கு இடங்கொடுத்தல் கூடாது. சாய்ந்த பயிரும் களையும் வெறுந்தரையும் அம்மாவட்டத்தின் விளைச்சலில் அடங்கியவையே. அவற்றை விலக்கினால் நாம் அளப்பது மாவட்டத்தின் விளைச்சலை அன்று. நம் கண்ணுக்கு இனிய வயல்களின் விளைச்சலை.

துண்டின் அளவைப் பற்றியும் ஒரு சொல். 1940-களில் நம் நாட்டில் இதைக் குறித்துப் பெரிய விவாதம் நிகழ்ந்தது. சில அடி ஆரமுள்ள சிறு வட்டங்களை அறுத்தாலே போதும் என்பது மகலனோபிஸின் வழி. செலவு குறைவு, பல இடங்களில் அறுக்கலாம். வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய பி. வி. சுகாத்மேயோ, மிகச் சிறிய துண்டுகள் விளைச்சலை மிகுத்துக் காட்டுகின்றன என்று சோதனைகளால் எடுத்துக்காட்டினார். காரணம் எளிது. எல்லையில் நிற்கும் குத்து உள்ளா வெளியா என்ற ஐயம் வரும்போது, அறுப்பவர் கை அதனை உள்ளே சேர்த்துக்கொள்ளவே நாடுகிறது. 5 மீட்டர் சதுரத்தில் நாற்புறமும் 5 சென்டிமீட்டர் கூடுதலாக அறுத்துவிட்டால் பரப்பு 25-லிருந்து 26.01 சதுர மீட்டர் ஆகிறது. மிகை 4 சதவீதம். அதே தவறு 1 மீட்டர் சதுரத்தில் நேர்ந்தால் பரப்பு 1.21 சதுர மீட்டர் ஆகும். மிகை 21 சதவீதம். துண்டு சிறிதாகச் சிறிதாக எல்லையின் பங்கு பெருகுகிறது. இக்காரணத்தால்தான் பல மாநிலங்களில் நெல்லுக்கு 5 மீட்டர் சதுரம் வழக்கத்துக்கு வந்தது. அதிலும் கயிற்றை இறுகக் கட்டி, அடித்தண்டு கயிற்றுக்குள் உள்ள குத்துகளை மட்டுமே அறுத்தல் வேண்டும்.

குடும்ப ஆய்வு செய்வோர்க்கும் இதே நெறிதான். தேர்ந்தெடுக்கப்பட்ட வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் விசாரித்து எழுதிவிடுவது எளிது. ஆனால் பகலில் வீட்டில் ஆள் இருக்கும் குடும்பமும், கணவனும் மனைவியும் கூலி வேலைக்குச் சென்றுவிட்ட குடும்பமும் ஒத்தவை அல்ல. பூட்டிய வீடுகளை விட்டுவிட்டால் கூலி உழைப்பாளரின் வாழ்வே கணக்கிலிருந்து நழுவிவிடும். மாலையில் மீண்டும் சென்று பார்ப்பதே முறை. மாற்று வீடு எடுத்தே ஆகவேண்டுமாயின், அதற்கென முன்பே எழுதப்பட்ட விதிப்படி எடுத்து, எடுத்த காரணத்தையும் ஏட்டில் குறித்தல் வேண்டும்.

களப் பணியில் நேரும் இத்தகைய பிழைகளைக் கண்டறிய மகலனோபிஸ் ஓர் அரிய உத்தியைக் கையாண்டார். ஒரே பகுதியில் இரண்டு மாதிரிகளைத் தனித்தனியே சமவாய்ப்பாக எடுத்து, இரண்டையும் இரு வேறு குழுவினரிடம் ஒப்படைப்பார். இவை ஒன்றையொன்று ஊடுருவும் துணை மாதிரிகள் எனப்படும். இரு குழுவினரும் சரியாக வேலை செய்தால், அவர்கள் தரும் சராசரிகள் திட்டப் பிழையின் எல்லைக்குள் ஒத்திருக்கும். அதற்கு மேல் விலகினால் எங்கோ தவறு நேர்ந்துள்ளது என்பது வெளிப்படும். தொழில்நுணுக்கம் மிக்க கருவி எதுவும் இன்றி, உண்மையை உண்மையோடு ஒப்பிட்டுச் சோதிக்கும் இம்முறை மேற்பார்வையாளர்க்கு இன்றும் பெருந்துணை.

ஒரு வயலை மாற்றினால்

"ஆயிரக்கணக்கான சோதனைகளுள் ஒரு வயலை மாற்றினால் என்ன ஆகிவிடும்?" என்று சிலர் எண்ணக்கூடும். முன்பு மாவட்டச் சராசரி ஒன்றே தேவையாயிருந்தபோது, ஒரு வயலின் தாக்கம் சிறிதாயிருந்திருக்கலாம். இன்று நிலைமை வேறு. 2016-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், முக்கியப் பயிர்களுக்கு ஊராட்சி அளவிலேயே விளைச்சல் கணக்கிடப்படுகிறது. ஓர் ஊராட்சியில் ஒரு பயிருக்குச் செய்யப்படும் சோதனைகள் மிகச் சிலவே. அவற்றின் சராசரி, கடந்த ஆண்டுகளைக் கொண்டு வரையறுத்த உத்தரவாத விளைச்சலுக்குக் குறைந்தால், அக்குறைவின் விகிதத்தில் அவ்வூராட்சியில் அப்பயிருக்குக் காப்பீடு செய்த உழவர் அனைவருக்கும் இழப்பீடு கிடைக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். உத்தரவாத விளைச்சல் ஹெக்டேருக்கு 3,000 கிலோ. காப்பீட்டுத் தொகை 30,000 ரூபாய். நான்கு துண்டுகளில் கிடைத்த நெல் 6, 7, 5, 2 கிலோ. சராசரி 5 கிலோ. 25 சதுர மீட்டருக்கு 5 கிலோ எனில் ஹெக்டேருக்கு 2,000 கிலோ. குறைவு மூன்றில் ஒரு பங்கு. இழப்பீடு ஹெக்டேருக்கு 10,000 ரூபாய். இப்போது, 2 கிலோ தந்த வயல் பாழ்பட்டுக் கிடக்கிறது என்று கருதி, அதனை விட்டு அடுத்த வயலில் அறுத்து 6 கிலோ என்று எழுதியதாகக் கொள்வோம். சராசரி 6 கிலோ. ஹெக்டேருக்கு 2,400 கிலோ. குறைவு ஐந்தில் ஒரு பங்கு. இழப்பீடு 6,000 ரூபாய். ஒரு வயலை மாற்றியதால் அவ்வூராட்சியின் ஒவ்வோர் உழவரும் ஹெக்டேருக்கு 4,000 ரூபாய் இழக்கின்றனர். மாற்றியவரின் உள்ளத்தில் தீய எண்ணம் ஏதும் இருந்திருக்கவேண்டியதில்லை. சேற்றில் இறங்க விரும்பாத களைப்பே போதும். இதற்கு மாறாக, இரக்கத்தால் வேண்டுமென்றே நலிந்த வயல்களை மட்டும் அறுப்பதும் அதே அளவு தவறுதான். அது நாட்டின் உணவுக் கணக்கைப் பொய்யாக்கும். நாளடைவில் உழவரின் சொல்லுக்கே மதிப்பில்லாமல் செய்யும்.

இன்று கைபேசிச் செயலி வயலின் இருப்பிடத்தையும் படத்தையும் பதிவு செய்கிறது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு விளைச்சலை மதிப்பிடும் முறைகளும் வளர்ந்துவருகின்றன. இவை வரவேற்கத்தக்கவை. எனினும், வானிலிருந்து எடுத்த படத்துக்குப் பொருள் காண்பது தரையில் அறுத்து எடைபோட்ட நெல்லைக் கொண்டே. தரைக் கணக்கு சாய்ந்தால் வானக் கணக்கும் அதனுடன் சாயும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

இக்கருத்துகளை மாணவர்க்கு விளக்க ஆசிரியருக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. பல அளவுள்ள அறுபது கூழாங்கற்களைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு, எடை போட்டு, உண்மைச் சராசரியைக் கணக்கிட்டுத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம். கற்களை மேசைமேல் பரப்பி, "இக்குவியலின் சராசரியைக் காட்டக்கூடிய ஐந்து கற்களைப் பார்த்து எடுங்கள்" என்று ஒவ்வொரு மாணவரிடமும் கூற வேண்டும். அவர்கள் எடுத்தவற்றின் சராசரியைக் கரும்பலகையில் எழுத வேண்டும். பின்னர், ஒன்று முதல் அறுபது வரை எழுதிய சீட்டுகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஐந்து சீட்டுகளை எடுத்து, அவ்வெண்ணுள்ள கற்களின் சராசரியைக் காண வேண்டும். இதனையும் அத்தனை முறை செய்தல் வேண்டும்.

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பிராங்க் யேட்ஸ் 1930-களில் இத்தகைய கற்சோதனையைப் பற்றி எழுதினார். கண்ணால் பார்த்து எடுத்தவர்களின் மதிப்பீடு பெரும்பாலும் உண்மையைவிட மிகுந்தே இருந்தது. பெரிய கல் கண்ணையும் கையையும் முதலில் ஈர்க்கிறது. சீட்டு முறையில் வரும் சராசரிகளோ உண்மைக்கு இருபுறமும் பரவி நிற்பதை மாணவர் காண்பர். ஐந்துக்குப் பதில் இருபது சீட்டுகளை எடுக்கச் செய்தால் அப்பரவல் சுருங்குவதையும் காண்பர். சராசரி, அலைவு, சாய்வு ஆகிய மூன்றும் ஒரே பாடவேளையில் விளங்கிவிடும். அதன்பின் சூத்திரங்களைக் கற்பித்தால் அவை மனத்தில் நிலைக்கும்.

முடிவாகச் சொல்லத்தக்கது இது. மாதிரியின் மதிப்பு அது எவ்வளவு பெரியது என்பதில் இல்லை; எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதில் இருக்கிறது. எத்துணை நுட்பமான கணிதமும் களத்தில் நேர்ந்த சாய்வைப் பின்னர் நீக்கிவிட இயலாது. தலைநகரில் வெளியாகும் ஒவ்வோர் எண்ணும், சேற்றில் இறங்கி முளையடித்த ஒருவரின் கைவேலையிலிருந்து தொடங்குகிறது. அட்டவணை காட்டிய வயல் ஓடைக்கு அப்பால் இருந்தால், ஓடையைக் கடந்து செல்வதே புள்ளியியல். பானையைக் கிளறிய பின்னரே ஒரு சோறு பதமாகும். நம் நாட்டின் பெரும் பானையைக் கிளறும் அகப்பை கள அலுவலரின் கையிலேயே இருக்கிறது.